பல்லு எந்தப் பக்கம் பாக்குது

பச்சைப் பூண்ட மென்னுட்டு வந்து என்ற பக்கத்துல உக்காந்திருக்கான் மாதேசு, பெஞ்சே நாறுது. பூண்டு தின்னா பிரசரு எறங்குமாமா. எவனோ சொல்லியிருக்கான், இவனும் விடியக்காலம் எந்திரிச்சு பூண்டத் தின்னு, மேல மோரக் குடிச்சு, டீ குடிக்காம, பீடி பத்த வெக்காம, கட்டுன பொண்டாட்டிகூடப் பேசாம வந்திருக்கான். "மாப்ள, உள்ள போனதும் வாயத் தெறந்துறாத. டாக்டரம்மா மயங்கி உளுந்துட்டா நம்ம லைசென்சு பேப்பருக்கு எவன் சீல் குத்தறது"ன்னேன். "நீ சும்மா இருடா செங்கோடா, பேசுனா எனக்குப் பிரசரு ஏறுது"ங்கறான், ரெண்டு கையையும் தொடை மேல மல்லாக்க வெச்சுக்கிட்டு, ஐயரு முன்னால உக்காந்த மாப்பிள்ள கணக்கா. இவன் சேலம் ரூட்டுல தனியார் பஸ்ஸு ஓட்டறவன். எதுக்க பஸ்ஸு வந்தா வெளக்கப் போட்டு மொறைப்பான், ஒதுங்க மாட்டான். அப்பேர்ப்பட்டவன், கையில ரப்பர் பையச் சுத்திப் புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிக்கறதுக்குப் பயந்து உக்காந்திருக்கான். இவன் மட்டுமா. பெஞ்சுல இருக்கறவன் அத்தன பேரும் மலை எறக்கத்துல லோடு வண்டிய கீர்லயே புடிச்சு எறக்குனவன். உள்ள இருந்து நர்சு அடுத்த பேரக் கூப்பிடறப்ப எல்லாம் பாத்தேன், அத்தன பேரு சோத்தாங்காலும் தரைய ஒரு அமுக்கு அமுக்குது. பிரேக்கு. பெஞ்சு நிக்கவா போவுது. என்ற காலும் அமுக்குது. நான் அமுக்கல, அதா அமுக்குது. கீழ டயரு ரீட்ரேடு கடையில ரப்பரு வேகற நாத்தம் மாடிப்படி ஏறி வருது, பூண்டு நாத்தத்தோட சேருது, எனக்கு ஒண்ணும் ஆவல. எனக்குப் பிரசரு கெடையாது. சக்கரை கெடையாது. காது பாம்பு மாதிரி கேக்கும். கையி காலு வலுசா இருக்குது. எனக்கு இருக்கறதெல்லாம், சரி, அத விடு. அதப் பத்தி நெனைக்காம இருந்தாத்தான் மூஞ்சில தெரியாது.

ஆனா நெனைக்கக் கூடாதுன்னு நெனைக்கறதும் நெனைக்கறதுதான. அன்னைக்குத் தும்கூருக்கு அந்தப்பக்கம், சிமிட்டி எறக்கிட்டு காலி லாரி ஓட்டிட்டு வாரேன், சன்னல் தெறந்திருக்குது, காத்துல தூசி ஒண்ணு பறந்து வந்து ரைட்டுக் கண்ணுல உளுந்துச்சு. உளுந்தா என்ன, எல்லாத்துக்கும் உளுவறதுதான், ரைட்டுக் கண்ண மூடித் தேச்சேன். தேச்சா ரோட்டக் காணம். ரோடும் இல்ல, முன்னால போன டேங்கரும் இல்ல, வானமும் இல்ல. கஞ்சித்தண்ணி. சோறு வடிச்ச கஞ்சித்தண்ணிய மொகத்துக்கு முன்னால தொங்க உட்ட மாதிரி வெள்ளையா, அதுக்குள்ள என்னமோ அசையுது. அட, சாமி. கண்ணத் தொறந்தா ரோடு வந்துருச்சு. மூடுனா போயிருச்சு. தொறந்தா வருது. வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டு சின்னப்பிள்ள வெளையாடற மாதிரி மூடி மூடித் தொறந்தேன், ரோடு வருது, போவுது, வருது, போவுது. லெப்ட்டுக் கண்ணு எப்ப வேலைய உட்டு நின்னுச்சோ எனக்குத் தெரியாது. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். கூட இருந்தவன் ரைட்டுக் கண்ணு, அவனும் வாயத் தெறக்கல, ரெண்டு பேரு வேலையையும் ஒருத்தனே பாத்திருக்கான், படி சேத்துக் கேக்காம. நல்ல ஆளு. எனக்கு அப்ப வந்தது பயம்னு சொல்ல மாட்டேன். சிரிப்புதான் வந்துச்சு. பயம் அப்பறமா வந்துச்சு, ஓசூரு தாண்டி, டீ குடிக்கறப்ப, டீ சூடா இருக்கான்னு பாக்கறதுக்குள்ள வந்துச்சு.

அதுக்கப்பறம் லெப்ட்டுப் பக்கம் எனக்குப் பழைய கதையா ஆயிப்போச்சு, காதுல கேக்கறதுதான். முன்ன எல்லாம் வண்டியில கிளீனரு உண்டு. ராசப்பண்ணன், என்னையவிட மூத்தது, லெப்ட்டு சன்னல்ல கைய வெச்சுக்கிட்டு வெத்தலயத் துப்பிக்கிட்டு உக்காந்திருக்கும். நான் அந்தப்பக்கம் திரும்பியே பாக்க மாட்டேன். "லெப்ட்டு ப்ரீ, வா வா வா, இன்னும் ஒடி, ஒடி, போதும்"னு அது சொன்னா ஒடிப்பேன், நில்லுன்னா நிப்பேன். அது கண்ணுலதான் நான் லெப்ட்டு ஓட்டுனேன். அப்பறம் மொதலாளிமாரு எல்லாம் கூடிப் பேசுனாங்களோ என்னமோ, கிளீனர நிறுத்திட்டாங்க, ஒத்த ஆளே ஓட்டுங்கன்னுட்டாங்க. ராசப்பண்ணன் கோழிப்பண்ணைக்குப் போயிருச்சு, முட்டை பொறுக்குது. கிளீனரு சீட்டுல இப்ப என்ற துணிப்பையும் தண்ணிக் கேனும் உக்காந்து வருது, தண்ணிக் கேனு லெப்ட்டு ப்ரீன்னு சொல்லுமா. நான் வெவரமா, தலைய நல்லாத் திருப்பி ரைட்டுக் கண்ணால லெப்ட்டுக் கண்ணாடியப் பாக்கப் பழகிட்டேன், கோழி பாக்கற மாதிரி. கழுத்து வலிதான் மிச்சம். கிட்டத்துல இருக்கறதுதான் ஏமாத்துது. ஊட்டுல சொம்புல இருந்து டம்ளருக்குத் தண்ணி ஊத்துனா டம்ளருக்கு வெளிய ஊத்துது, டம்ளரு இருக்கற எடம் ஒண்ணு, கண்ணு சொல்ற எடம் ஒண்ணு. மாராத்தா பாத்துட்டா. பொண்டாட்டி கண்ணுல இருந்து எது தப்பும். "கை நடுங்குதே, குடிச்சுப்போட்டு வந்தீங்களா"ன்னா. நான் தொட்டே வருசக்கணக்கா ஆச்சு. ஆனா ஆமான்னேன். கொஞ்சூண்டுன்னேன். ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா, கொழம்புல உப்புக் கூடப் போட்டா. பரவால்ல. குடிகாரன்னா பொண்டாட்டி திட்டுவா, அவ்வளவுதான், மறுநாளு வண்டி ஏறிரலாம். குருடன்னா வண்டி ஏற முடியாது. குருடன். அந்த வார்த்தைய மனசுக்குள்ள சொல்லிப் பாக்கறேன், யாரையோ சொல்ற மாதிரிதான் இருக்குது. பாதிக் குருடன். அதுவும் வேற யாரோதான்.

டாக்டருகிட்டக் காட்டிருக்கலாம். எங்க காட்டறது. காட்டுனா அதுக்கு ஒரு பேரு வெப்பாங்க, பேரு வெச்சுட்டா அது நம்மள உட்டுப் போவாது. இப்ப அதுக்குப் பேரு இல்ல. வெறும் கஞ்சித்தண்ணி. பேரு வெச்சு, கிழிச்சு, கட்டுப் போட்டு, மாசக்கணக்குல உக்காருன்னா மொதலாளி வண்டிய நிறுத்தியா வெப்பாரு, வேற டிரைவரப் போடுவாரு, போட்டவன் சீட்ட அவன் உசரத்துக்கு மாத்தி வெச்சுக்குவான். இல்ல, இது கிழிச்சாலும் வராதுன்னு சொல்லிட்டா. அதான் இருக்கறதுலயே கெட்ட ரோடு, அந்தப் பக்கம் நான் வண்டியத் திருப்பறதே இல்ல. பழனியப்பன்னு ஒருத்தரு, எங்க ஆளுகள்ல பெரிய கை, காலு மரத்துப்போயி லைசென்சு போச்சு. இப்ப லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில கேட்டு தெறந்து உடறாரு. போன மாசம் வண்டிய உள்ள உடறப்ப பாத்தேன், காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு எனக்கு சல்யூட்டு அடிச்சாரு. வெளையாட்டுக்குத்தான் அடிச்சாரு. எனக்கு கிளச்சு மிதிக்க மறந்துபோச்சு, வண்டி உலுக்கி நின்னுருச்சு. "என்ன செங்கோடா, இப்பத்தான் பழகறியா"ங்கறாரு.

"மாதேஸ்வரன்"னு நர்சு கூப்பிடுது. மாதேசு எந்திரிச்சான், வேட்டியச் சரி பண்ணான், மூச்ச ஒரு இழுப்பு இழுத்தான். "வாழ்த்திப் போடு மாப்ள"ங்கறான். "பூண்டு துணை போ"ன்னேன். கதவு சாத்திருச்சு. இப்ப பெஞ்சுல எனக்கு அந்தப்பக்கம் ஆளில்ல, லெப்ட்டுப் பக்கம், காலியா இருக்குதுன்னு தலையத் திருப்பித்தான் பாத்துக்கிட்டேன். என்கிட்ட ஒரு வழி இருக்குது. உள்ள ஒத்தக் கண்ண மூடச் சொன்னா கையால மூடுவோம், கையின்னா வெரலு, வெரலுன்னா சந்து. ரைட்டுக் கண்ண மூடறப்ப நடு வெரலயும் மோதர வெரலயும் ஒரு நூலு அகட்டுனாப் போதும், அந்தச் சந்துல ரைட்டுக் கண்ணு எட்டிப் பாத்துச் சொல்லிரும், லெப்ட்டுக் கண்ணு பேருல. நேத்து செலூன் கடை காலண்டருல பழகிப் பாத்தேன். முடி வெட்டறவன் "ஏனுங்ணா, தலைவலியா"ன்னான். ஆமான்னேன். குடிகாரன், தலைவலிக்காரன், எல்லாப் பட்டமும் வாங்கியாச்சு. பெரிய தப்பான்னு கேட்டா தப்புதான், யாரு இல்லேன்னா. ஆனா அந்த நூலு சந்துலதான் எங்க ஊட்டு அடுப்பு எரியுது, மொதலாளி வண்டி ஓடுது, என்னைய நாலு பேரு டிரைவரேன்னு கூப்பிடறாங்க. டிரைவருங்கற பேர எடுத்துட்டா செங்கோடன்னு மிச்சம் இருக்கறவன் யாருன்னு எனக்கே சரியாத் தெரியாது. அவன்கூட நான் அவ்வளவாப் பழகல.

கதவு தெறந்துச்சு. மாதேசு பல்லக் காட்டிக்கிட்டு வாரான். "நார்மலு"ங்கறான். "டாக்டரம்மா எங்க"ன்னேன், "உசுரோட இருக்குதா?" "போடா, உன்ற வாயிக்கு உன்னைய உள்ளயே புடிச்சு வெக்கோணும். கீழ பேக்கரில இருக்கறேன், வா"ன்னுட்டு படியில தபதபன்னு எறங்கறான், மொதக் காரியமா டீ. "செங்கோடன்". காலு பிரேக்க அமுக்குது. பேரு கூப்பிட்டா எந்திரிக்கோணும். எந்திரிச்சேன்.

ரூமு லாரி கேபினுக்குக் கொஞ்சம் பெருசு. டாக்டரம்மா சின்ன வயசு, வெள்ளக் கோட்டு, செவுரும் வெள்ள, மேல பேனு சுத்துது, கோட்டு நுனி பறக்குது. "வாங்கண்ணா, உக்காருங்க." ரப்பர் பையக் கட்டுச்சு, காத்தடிச்சுது, எறக்குச்சு. "நல்லா இருக்கு. வலிப்பு வந்திருக்கா?" "இல்லீங்க." "மயக்கம்?" "சம்பளம் போடற அன்னைக்கு வருமுங்க." சிரிக்கல. காதுக்குப் பின்னால நின்னு மெதுவா ஒரு பேரு சொல்லுச்சு, திருப்பிச் சொன்னேன். கைய நீட்டு, மடக்கு, குனி, நிமுரு. எல்லாம் ஆச்சு, எனக்குள்ள ஒருத்தன் எண்ணிக்கிட்டே வாரான், இன்னும் ஒண்ணுதான், இன்னும் ஒண்ணுதான். "எழுத்துப் படிப்பீங்களா?" "தமிழு எழுத்துக்கூட்டிப் படிப்பனுங்க. இங்கிலீசு வண்டி நெம்பரு அளவுக்கு." "அப்ப இதப் பாருங்க"ன்னு என்ற தலைக்குப் பின்னால இருக்கற செவுத்துல ஒரு பெட்டிக்கு லைட்டப் போட்டுச்சு. திரும்பப் போனேன். "திரும்பாதீங்க. ரூமு சின்னது, அதனால எதுக்க கண்ணாடியில பாத்துச் சொல்லுங்க." எதுக்க செவுத்துல கண்ணாடி. அதுல சீப்புங்க. மூணு பல்லுச் சீப்பு, மேல பெருசு, கீழ வர வர சின்னது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது, மாதேசு மாதிரி. "பல்லு எந்தப் பக்கம் பாக்குதுன்னு சொல்லணும், மேலயா கீழயா, லெப்டா ரைட்டா. அவ்ளோதான்." கண்ணாடியப் பாத்ததும் எனக்கு உசுரே வந்துச்சு. கண்ணாடி எங்க சொத்து. என்ற ஆயுசுல பாதி நான் உலகத்தக் கண்ணாடியிலதான் பாத்திருக்கேன். அந்தச் சந்தோசத்துலயே வெரல அகட்டத் தயாரா கையத் தூக்குனேன், அந்தம்மா ஒரு கறுப்புக் கரண்டியக் குடுத்துச்சு. பிளாஸ்டிக்கு, கொழம்பு ஊத்தற கரண்டி கணக்கா, நடுவுல ஓட்டையே இல்லாம. "கை வேண்டாம், இத வெச்சு மூடிக்கோங்க. மொதல்ல லெஃப்ட் கண்ணு." சந்து போச்சு. ஒரு கரண்டியில போச்சு.

லெப்ட்டுக் கண்ண மூடுனேன். மூடுனதுல ஒண்ணும் கொறையல, கூடல. ரைட்டுக் கண்ணு ராசா, மொத சீப்பு தெரியுது, ரைட்டப் பாத்துப் பல்லு. வாயி "லெப்ட்டு"ன்னுச்சு. அடுத்தது "மேல." அடுத்தது லெப்ட்டப் பாக்குது, "ரைட்டு"ன்னேன். "கீழ." "லெப்ட்டு." எறும்பு சைசு வரைக்கும் எறங்கிட்டேன், ஒரு எடத்துலயும் திக்கல, வண்டி டாப் கீர்ல போற மாதிரி. நிமுந்து பாத்தா அந்தம்மா மூஞ்சி சுருங்கியிருக்குது. "இன்னொரு தடவ." இன்னொரு தடவையும் அதே மாதிரி. "அண்ணா, பாதிக்குப் பாதி தப்பு." நல்ல கண்ணும் போச்சா. அவனும் சொல்லாமப் போயிட்டானா. இதுக்கு ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டே வந்திருக்கலாம். அந்தம்மா பேனாவக் கன்னத்துல வெச்சுக்கிட்டு பெட்டியப் பாக்குது, என்னையப் பாக்குது. "மேல கீழ எல்லாம் சரியாச் சொல்றீங்க. சைடு மட்டும் எல்லாமே தலைகீழா வருது. லெப்ட்னா ரைட்ங்கறீங்க, ரைட்னா லெப்ட்ங்கறீங்க. ஏன்?" "கண்ணாடியில ரைட்டுன்னா திரும்பிப் பாத்தா லெப்ட்டுத்தானுங்க"ன்னேன். "பின்னால வர்ற வண்டி நெத்தியில எழுதியிருக்கறது கண்ணாடியில திருப்பித்தான் தெரியும், நாங்க அதத் திருப்பிப் போட்டுத்தான் படிப்போம். நீங்க பின்னால இருக்கற பெட்டியக் கேக்கறீங்களா, கண்ணாடியக் கேக்கறீங்களா?" அந்தம்மா எந்திரிச்சு வந்து என்ற சீட்டுக்குப் பக்கத்துல நின்னு கண்ணாடியப் பாத்துச்சு, திரும்பிப் பெட்டியப் பாத்துச்சு, மறுபடி கண்ணாடியப் பாத்துச்சு. அப்பறம் சிரிச்சுது பாரு, நர்சு கதவத் தெறந்து எட்டிப் பாக்கற அளவுக்கு. "ஜெசிந்தாக்கா, இவரு பின்னாடி வர்ற வண்டியப் பாத்துட்டு இருக்காரு! கண்ணு தெரியாதவங்க இவ்வளவு ஒழுங்காத் தப்பாச் சொல்ல முடியாது." எனக்கும் சிரிப்பு. மூணு பேரும் சிரிக்கறோம். இப்படிச் சிரிச்ச எடத்துல நமக்கு கெடுதி வராது, அது எனக்குத் தெரியும், செக்போஸ்ட்ல எத்தன தடவ பாத்திருக்கேன்.

"சரிண்ணா, அந்தக் கண்ணையும் பாத்துரலாம். கண்ணாடியில தெரியறபடியே சொல்லுங்க, திருப்பாம"ன்னு பேப்பர இழுத்து எழுத ஆரம்பிச்சுது. சீலு பக்கத்துல தயாரா இருக்குது. கரண்டிய ரைட்டுக்கு மாத்துனேன். கஞ்சித்தண்ணி. கண்ணாடி இல்ல, சீப்பு இல்ல, சிரிச்ச அம்மா இல்ல, பேனு சத்தம் மட்டும் இருக்குது. ஆனா மனப்பாடம் இருக்குது. பள்ளிக்கூடத்துல ஒரு பாட்டு மண்டையில ஏறல, இது ரெண்டே தடவையில ஏறியிருக்குது. "ரைட்டு"ன்னேன். "ம்." "மேல." "ம்." "லெப்ட்டு." "ம்." பேனா ஓடற சத்தம் கேக்குது. அந்தம்மா பாக்கவே இல்ல, எழுதிக்கிட்டே ம் கொட்டுது. இவ்வளவுதான், இன்னும் நாலு சீப்பு, சீலு, படி, மாதேசு, டீ. "கீழ." "ம்." அது ஏன் எனக்கு அப்படி வந்துச்சுன்னு இப்ப யோசிச்சாலும் பிடிபடல. ஒருத்தரு கேக்காம ம் கொட்டுனா எனக்கு நாக்கு சும்மா இருக்காது. மாராத்தாகிட்டயும் அப்படித்தான், மொதலாளிகிட்டயும் அப்படித்தான். "அடுத்தது பல்லே இல்லீங்க, கொட்டிப்போச்சு"ன்னேன். "ம்"னுச்சு.

பேனா நின்னுச்சு. பேனு மட்டும் சுத்துது. "என்ன சொன்னீங்க?" சும்மா தமாசுக்குங்கன்னு சொல்லிரலாம். வாயில வந்து நிக்குது, தமாசுக்குங்க, ரைட்டுங்க, மேலங்க, சொன்னா அந்தம்மா இன்னொரு தடவ சிரிக்கும், குத்திரும். நாற்காலி நகர்ற சத்தம். காலடி. சந்தன சோப்பு வாசம் எங்கயோ கிட்டக்க வருது. "அண்ணா, கரண்டிய எடுக்காதீங்க. இது எத்தன வெரல்?" ரெண்டுன்னு சொல்லலாம். எல்லா டாக்டரும் ரெண்டுதான் காட்டுவாங்க. வெள்ளக் கோட்டு, வெள்ளச் செவுரு, வெள்ளக் கஞ்சி. தலைய அந்தப்பக்கம் கொஞ்சம் திருப்புனேன், இந்தப்பக்கம் கொஞ்சம் திருப்புனேன்.

"வெரலு இருக்கட்டுங்க"ன்னேன். "மொதல்ல நீங்க எந்தப் பக்கம் நிக்கறீங்கன்னு சொல்லுங்க."

அந்தம்மாகிட்ட இருந்து சிரிப்பு வரும்னு பாத்தேன். வரல.